பழைய ஃபோர்டு எஃப்-150 பிக்கப்புக்குச் சரியான பெட்ரோல் டேங்க் வாங்குவது எப்படி?

பழைய பிக்கப்பில் பெட்ரோல் டேங்க் மாற்றும் வேலையில் கடினமானது கழற்றி மாட்டுவதன்று. எந்த டேங்க் என்று தெரிந்து வாங்குவதுதான். அமெரிக்காவின் மிச்சிகனில் வசிக்கும் நான், என்னுடைய 1990ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-150 வண்டிக்கு ஒரு டேங்க் மாற்ற ஐந்து வாரங்களும் 571 டாலரும் செலவழித்தேன். அதில் மூன்று வாரங்களும் 91 டாலரும் தவறான டேங்கை வாங்கித் திருப்பி அனுப்பியதிலேயே போய்விட்டன. கடைக்காரர் என்னை ஏமாற்றவில்லை. அவர் கேட்ட ஒரே கேள்விக்கு நான் தவறான பதிலைச் சொன்னேன், அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கும் அதைப் போன்ற மற்றக் கேள்விகளுக்கும் நீங்கள் சரியான பதிலோடு போக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்பவை 1987 முதல் 1996 வரையிலான பெட்ரோல் எஃப்-150 வண்டிகளுக்குப் பொருந்தும். வேறு நிறுவனத்தின் பழைய பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு எண்களும் எழுத்துகளும் மாறும். ஆனால் பார்க்க வேண்டிய இடங்களும் பார்க்க வேண்டிய வரிசையும் ஏறத்தாழ இவையே.

1. மாற்ற வேண்டியது டேங்க்தானா என்று முதலில் பாருங்கள்

பெட்ரோல் வாடை வந்தவுடன் டேங்க் ஓட்டை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்க் வரை வரும் தடித்த ரப்பர் குழாய் முப்பது ஆண்டுகளில் வெடித்துப் போயிருக்கும். அதன் பக்கத்திலேயே செல்லும் மெல்லிய காற்றுக் குழாயும் அப்படியே. டேங்கின் மேலே பம்ப் உட்காரும் துளையைச் சுற்றியுள்ள ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் காய்ந்து சுருங்கியிருக்கும். இவை மூன்றும் சேர்ந்தே ஒரு புதிய டேங்கின் விலையில் பாதிகூட ஆகாது.

இவற்றைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. டேங்கை முழுவதும் நிரப்பிய அன்று மட்டும் வாடை வந்து, கால்வாசி குறைந்ததும் நின்றுவிட்டால் கசிவு மேற்புறத்தில் இருக்கிறது. குழாயையும் ஓ-ரிங்கையும் பாருங்கள். எந்த அளவில் இருந்தாலும் சொட்டினால் கசிவு அடியில் இருக்கிறது. என் வண்டியில் முன்னும் பின்னுமாக இரண்டு டேங்குகள் உண்டு. முன் டேங்கின் இரண்டு தகடுகளும் சேரும் விளிம்பில் விரலை வைத்து மெதுவாக இழுத்தபோது, துரு ஈரச் செதில்களாக விரலோடு வந்தது. ஒரு நிமிடம் கழித்து அதே இடத்தில் மீண்டும் ஈரம் கோத்து ஒரு துளியாகத் திரண்டது. அதற்குப் பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை.

இரட்டை டேங்க் உள்ள வண்டிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. நீங்கள் பின் டேங்கிலிருந்து ஓட்டிக்கொண்டிருக்கும்போது முன் டேங்கின் அளவு தானாகக் கூடினாலோ, நிரப்பாத டேங்க் வழிந்தாலோ, அது ஓட்டை அன்று. என்ஜினிலிருந்து திரும்பி வரும் பெட்ரோல் தவறான டேங்குக்குள் போகிறது. 1990களின் தொடக்கத்தில் வந்த வண்டிகளில் பம்ப் தொகுதிக்குள் இருக்கும் தடுப்பு வால்வு பழுதாவதால் இது நேரும். இதற்காக 1993இல் நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைக்கவும் நேர்ந்தது. இங்கே மாற்ற வேண்டியது பம்ப் தொகுதி. டேங்கை மாற்றினாலும் வழிவது நிற்காது. திரும்ப அழைப்பு விவரத்தை அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் தேடும்போது வண்டி எண்ணை (பதிவெண் அன்று, தொழிற்சாலை தரும் VIN என்ற அடையாள எண்) இட்டுத் தேடினால் ஒன்றும் வராது, ஏனென்றால் அந்தத் தேடல் பொதுவாகப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட அழைப்புகளைக் காட்டுவதில்லை. ஆண்டு, நிறுவனம், மாடல் என்று தேடுங்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு இலவசமாகச் சரிசெய்து தருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். பழுது எது என்று தெரிந்துகொள்ள மட்டும் அது உதவும்.

2. வண்டியின் ஆவணங்களிலிருந்து நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

முன் கண்ணாடிக்கு அடியில் ஓட்டுநர் பக்கம் தெரியும் 17 இலக்க வண்டி எண், ஓட்டுநர் கதவை ஒட்டிய தூணில் ஒட்டப்பட்டுள்ள சான்றிதழ்ச் சீட்டு ஆகிய இரண்டும்தான் உங்கள் ஆதாரங்கள். உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணோடு இவை ஒத்துப்போகின்றனவா என்று ஒருமுறை சரிபாருங்கள். பழைய வண்டிகளில் கதவோடு சேர்த்துச் சீட்டும் வேறு வண்டியிலிருந்து வந்திருக்கக் கூடும்.

முதல் விவரம், மாடல் ஆண்டு. வண்டி எண்ணின் பத்தாவது எழுத்து இதைச் சொல்லும்: ஹெச் என்றால் 1987, ஜே 1988, கே 1989, எல் 1990, எம் 1991, என் 1992, பி (P) 1993, ஆர் 1994, எஸ் 1995, டி (T) 1996. நான் தவறியது இங்கேதான். கதவுச் சீட்டில் 10/89 என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்துவிட்டுக் கடையில் "எண்பத்தொன்பது" என்று சொன்னேன். அது வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த மாதமும் ஆண்டும். அக்டோபர் 1989இல் செய்யப்பட்ட என் வண்டியின் மாடல் ஆண்டு 1990. பத்தாவது எழுத்து எல். அமெரிக்காவில் அடுத்த ஆண்டின் மாடல்கள் முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே வெளிவரத் தொடங்கிவிடும், உதிரிபாகப் பட்டியல்களோ மாடல் ஆண்டை வைத்தே தொகுக்கப்படுகின்றன.

வேறு எந்த ஆண்டாக இருந்தாலும் இந்தத் தவறு பெரிதாகத் தெரிந்திருக்காது. ஆனால் 1989க்கும் 1990க்கும் நடுவில் இந்த வண்டியின் பெட்ரோல் அமைப்பே மாறியது. அதற்கு முந்தைய வண்டிகளில் டேங்குக்குள் அழுத்தம் குறைந்த பம்ப் ஒன்றும், வெளியே சேசிஸ் சட்டத்தில் அழுத்தம் கூடிய பம்ப் ஒன்றும் இருந்தன. 1990 முதல் வெளிப் பம்ப் எடுக்கப்பட்டு, எல்லா வேலையும் டேங்குக்குள் இருக்கும் ஒரே தொகுதிக்கு மாற்றப்பட்டது. அந்தத் தொகுதி முந்தையதைவிடப் பருமனானது. எனக்கு வந்த 1989ஆம் ஆண்டு டேங்க் நீளத்திலும் அகலத்திலும் என் டேங்கைப் போலவே இருந்தது. பம்ப் தொகுதியைக் கையில் பிடித்து அதன் துளைக்கு மேல் வைத்துப் பார்த்தபோதுதான் அது உள்ளே இறங்காது என்று தெரிந்தது.

இரண்டாவது விவரம், என்ஜின். வண்டி எண்ணின் எட்டாவது எழுத்து வொய் என்றால் 4.9 லிட்டர் ஆறு சிலிண்டர் என்ஜின், என் (N) என்றால் 5.0 லிட்டர், ஹெச் என்றால் 5.8 லிட்டர். இந்த மூன்றுக்கும் டேங்க் பெரும்பாலும் ஒன்றேயாயினும் கடையில் கட்டாயம் கேட்பார்கள். அதே உருவத்தில் வந்த பெரிய எஃப்-250, எஃப்-350 வண்டிகளில் எம் என்று இருந்தால் அது 7.3 லிட்டர் டீசல். டீசல் டேங்கும் பெட்ரோல் டேங்கும் ஒன்றுக்கொன்று மாற்றாகா. காயலான் கடையில் வாங்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

மூன்றாவது விவரம், சக்கர இடைவெளி. கதவுச் சீட்டில் அங்குலத்தில் அச்சிட்டிருக்கும். ஒற்றை வரிசை இருக்கை வண்டியில் 117 என்றிருந்தால் குட்டைப் படுகை (படுகை என்பது பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டி), 133 என்றிருந்தால் எட்டடி நீளப் படுகை. பின்னிருக்கை உள்ள சூப்பர் கேப் வண்டிகளில் இவை முறையே 139, 155. முன் டேங்கின் நீளம் இந்த இடைவெளியைப் பொறுத்தது என்பதால் இந்த எண் இல்லாமல் பேசவே தொடங்காதீர்கள்.

நான்காவது, தயாரித்த மாதமும் ஆண்டும். மாடல் ஆண்டோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் சில பட்டியல்களில் "இன்ன மாதத்துக்குப் பிறகு" என்று ஒரு குறிப்பு இருக்கும், அதற்காக இதுவும் கையில் இருக்கட்டும்.

வண்டி எண்ணைப் படிக்கும்போது ஒரு சிறு உதவி: ஐ, ஓ, கியூ ஆகிய ஆங்கில எழுத்துகள் அதில் வரவே மாட்டா. அப்படித் தெரிந்தால் அவை ஒன்றும் பூஜ்யமும்தான்.

3. வண்டிக்கு அடியில் படுத்து, தொங்கும் டேங்கை அளந்து பாருங்கள்

ஆவணங்கள் சொல்வது தொழிற்சாலையிலிருந்து வந்தபோது வண்டி எப்படி இருந்தது என்பதை. முப்பது ஆண்டுகளில் ஐந்தாறு உரிமையாளர்கள் மாறியிருப்பார்கள். அவர்களில் ஒருவர் கிடைத்த டேங்கைப் பொருத்தியிருக்கலாம், படுகையையே மாற்றியிருக்கலாம். ஆகவே ஆவணமும் அளவும் ஒத்துப்போனால் மட்டுமே பணத்தைக் கட்டுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அளவை நம்புங்கள், ஏனென்றால் புதிய டேங்க் அதைத் தாங்கிப் பிடிக்கும் அந்தப் பட்டைகளிலும் அந்தக் குழாய்களிலும்தான் பொருந்த வேண்டும்.

டேங்க் காலியாகவும் என்ஜின் ஆறியும் இருக்கும்போது, சமதளத்தில் வண்டியை நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எல்இடி விளக்கோடு அடியில் செல்லுங்கள். சூடாகும் குண்டு விளக்கு வேண்டவே வேண்டாம். அது உடைந்தால் தீப்பிடிக்கும்.

முதலில் எந்த டேங்க் என்று பாருங்கள். முன் டேங்க் ஓட்டுநர் பக்கம் சேசிஸ் சட்டத்தின் உட்புறத்தில் நீளவாக்கில் ஒடுக்கமாகத் தொங்கும். பின் டேங்க் பின் அச்சுக்குப் பின்னால் இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் அகலமாக இருக்கும். பெட்ரோல் ஊற்றும் வாய்கள் இரண்டுமே ஓட்டுநர் பக்கம் இருப்பதால், வெளியிலிருந்து பார்த்து எது எதனுடையது என்று தவறாக எண்ணிவிட வாய்ப்புண்டு. ரப்பர் குழாயைக் கையால் தொடர்ந்து சென்று உறுதிசெய்யுங்கள்.

பிறகு நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை டேப்பால் அளந்து, தகடுகள் சேரும் விளிம்பைச் சேர்த்தும் சேர்க்காமலும் குறித்துக்கொள்ளுங்கள். ஊற்றுக் குழாய் டேங்கில் எந்தப் பக்கத்தில், முன் விளிம்பிலிருந்து எத்தனை அங்குலத்தில் சேர்கிறது என்பதையும் அளந்து எழுதுங்கள். பட்டைகள் இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தையும் விடாதீர்கள். கைப்பேசியில் நான்கு பக்கமும் படம் எடுங்கள், ஒவ்வொரு படத்திலும் டேப்பின் எண்கள் தெரியட்டும். பிற்பாடு கடைக்காரரோடு தொலைபேசியில் பேசியபோது என் விளக்கங்களை எல்லாம்விட இந்தப் படங்களே அதிகம் உதவின.

டேங்கின் மேல் ஒட்டப்பட்ட சீட்டோ அச்சுப் பதிவோ இருந்தால் துடைத்துப் படியுங்கள். ஃபோர்டின் எண்முறையில் 9002 என்பது பெட்ரோல் டேங்கைக் குறிக்கும் அடிப்படை எண். 9ஹெச்307 என்பது பம்ப் தொகுதியின் எண். அவற்றுக்கு முன்னால் உள்ள முதல் எழுத்து பத்தாண்டைச் சொல்லும்: இ என்றால் 1980கள், எஃப் என்றால் 1990கள். அடுத்த இலக்கம் ஆண்டு; அதற்கடுத்த டி (T), டிரக்குக்காக வடிவமைத்தது என்பதற்கு அடையாளம். இது அந்தப் பாகத்தை வடிவமைத்த ஆண்டு, வண்டியின் ஆண்டு அன்று. 1989இல் வடிவமைத்த பாகம் பல ஆண்டுகள் தொடர்ந்து பயன்பட்டிருக்கும் என்பதால், இந்த எழுத்தை வைத்து வண்டியின் ஆண்டைக் கணிக்க வேண்டாம். முழு எண்ணையும் அப்படியே கடைக்காரரிடம் கொடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள்.

4. கேலன் கணக்கைச் சரிபாருங்கள்

ஒற்றை வரிசை இருக்கை உள்ள இரட்டை டேங்க் வண்டிகளில், குட்டைப் படுகை வண்டியின் முன் டேங்க் 16.5 கேலன், நீளப் படுகை வண்டியில் 19 கேலன். பின் டேங்க் இரண்டிலும் 18.2 கேலன். ஆகவே மொத்தம் 34.7 அல்லது 37.2 கேலன், அதாவது சுமார் 131 அல்லது 141 லிட்டர். வண்டியின் கையேட்டில் மொத்தக் கொள்ளளவு மட்டுமே போட்டிருந்தால், இந்தக் கூட்டலைத் திருப்பிச் செய்து முன் டேங்க் எது என்று கண்டுபிடித்துவிடலாம்.

பெட்ரோல் நிலையத்தில் எத்தனை கேலன் பிடிக்கிறது என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். பம்ப் உறிஞ்ச முடியாமல் அடியில் கொஞ்சம் தங்கும், மேலே ஆவிக்கு இடமும் விடப்பட்டிருக்கும். எனவே 19 கேலன் டேங்க் 16 கேலனிலேயே நிரம்பியது போலக் காட்டலாம்.

5. இரும்பா, பிளாஸ்டிக்கா?

இந்த வண்டிகளில் இரண்டு வகையும் வந்திருக்கின்றன. பிளாஸ்டிக் துருப்பிடிக்காது என்பதால் அதற்கு மாறிவிடலாம் என்று நானும் நினைத்தேன். ஆனால் பட்டைகளின் வளைவும் நீளமும் வகைக்கு வகை வேறுபடுகின்றன; பட்டையையும் சேர்த்து மாற்றினால்தான் அது முடியும். கல் தடுப்புத் தகடு உள்ள வண்டிகளில் அந்தத் தகட்டின் அளவும் குறுக்கே நிற்கும். முதல்முறை செய்கிறவர்களுக்கு என் ஆலோசனை: இருந்த வகையையே வாங்குங்கள். இரும்பாக இருந்தால் உள்ளும் புறமும் பூச்சுள்ளதாகப் பாருங்கள். பட்டைக்கும் டேங்குக்கும் நடுவில் ரப்பர் அல்லது தார்த்தாள் விரிப்பு கட்டாயம் வேண்டும். மிச்சிகனில் குளிர்காலம் முழுவதும் சாலையில் கொட்டும் உப்பு, அந்த இடுக்கில் சேற்றோடு சேர்ந்து ஈரமாகவே தங்கிவிடுகிறது. என் பழைய டேங்க் அரித்துப் போனதும் பட்டை அழுந்திய இடத்துக்குப் பக்கத்தில்தான்.

6. எங்கே வாங்குவது?

ஃபோர்டு விற்பனை நிலையத்தில் இத்தனை பழைய வண்டியின் டேங்க் புதிதாகக் கிடைப்பது அரிது. ஆனாலும் ஒருமுறை அவர்களுடைய உதிரிபாகப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். வண்டி எண்ணை வைத்து அவர்கள் சொல்லும் மூல எண்ணைக் கொண்டு மற்ற நிறுவனங்களின் பட்டியலில் தேட முடியும். அந்தப் பத்து நிமிடப் பேச்சுக்குக் கட்டணம் இல்லை.

புதிய டேங்க் தயாரிக்கும் வெளி நிறுவனங்களில் ஸ்பெக்ட்ரா பிரீமியம், டோர்மன் ஆகிய பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும். ராக்ஆட்டோ போன்ற இணையக் கடைகளிலும், பழைய டிரக்குகளுக்கென்றே பட்டியல் வெளியிடும் எல்எம்சி டிரக் போன்ற இடங்களிலும், உங்கள் ஊர் உதிரிபாகக் கடைகளிலும் விலை கேளுங்கள். ஊர்க் கடையில் சற்றுக் கூடுதலாக இருந்தாலும், திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் அஞ்சல் செலவு இல்லை. டேங்க் பெரிய பெட்டியில் வரும் பொருள். என்னுடைய தவறான டேங்கைத் திருப்பி அனுப்பிய கூலி மட்டும் 64 டாலர். அதற்கு மேல் பொருளைத் திரும்ப எடுத்து வைப்பதற்கென்று 27 டாலரைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டும் விதிமுறையில் முன்பே எழுதப்பட்டிருந்தவைதாம். நீங்கள் பணம் கட்டுமுன் அந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள். ஒருமுறை பெட்ரோல் ஊற்றிய டேங்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காயலான் கடை டேங்க் மலிவு. ஆனால் அதே வயதுள்ள, அதே உப்பில் ஓடிய டேங்கை வாங்கி என்ன பயன்? வறண்ட தென்மேற்கு மாநிலத்திலிருந்து வந்த வண்டியாக இருந்தால் பார்க்கலாம். மூடியைத் திறந்தவுடன் வார்னிஷ் போன்ற புளித்த வாடை அடித்தால் உள்ளே பழைய பெட்ரோல் பிசினாகப் படிந்திருக்கிறது. அது புதுப் பம்பையும் அடைத்துவிடும். பெட்ரோல் படிந்த பழைய டேங்க் அபாயப் பொருளாகக் கருதப்படுவதால் பல இடங்களில் அஞ்சலில் அனுப்பவும் மாட்டார்கள்.

ஓட்டையைப் பற்றவைத்து அடைத்துத் தருகிறேன் என்று யாரேனும் சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். காலியான டேங்கில் மிஞ்சும் ஆவிதான் வெடிக்கும். பெட்ரோல் நிறைந்த டேங்கைவிட அது ஆபத்தானது.

7. சின்னப் பாகங்களையும் ஒரே முறையில் வாங்குங்கள்

டேங்கை இறக்கிய பிறகு ஒரு பன்னிரண்டு டாலர் வளையத்துக்காக வண்டி நான்கு நாள் நிற்கக் கூடாது. நான் செலவழித்த கணக்கு இது: சரியான டேங்க் 189 டாலர், அதை அனுப்பிய கூலி 32, பட்டைகள் ஆணிகளோடு 45, பம்ப் தொகுதியைத் துளையில் பிடித்து வைக்கும் பூட்டு வளையமும் ஓ-ரிங்கும் 12, ஊற்றுக் குழாய் ரப்பரும் கிளிப்புகளும் 38, பெட்ரோல் வடிகட்டி 10, துரு இளக்கும் எண்ணெய் முதலியவை 14, பம்ப் தொகுதி 140. முன்பு சொன்ன 91 டாலரையும் சேர்த்து 571. நான் கேட்ட மெக்கானிக் ஒருவர், பாகங்கள் நீங்கலாகக் கூலியாக மட்டும் 400 டாலர் சொன்னார். பட்டை ஆணிகள் முறிந்தால் இன்னும் கூடும் என்றார். அவர் சொன்னது நியாயமான விலை என்றே இப்போது நினைக்கிறேன்.

பம்ப் நன்றாக ஓடுகிறதென்றால் அதை மாற்ற வேண்டியதில்லை. எனக்குப் பழைய பம்பின் வயது தெரியவில்லை. மீண்டும் ஒருமுறை டேங்கை இறக்க மனமில்லாமல் மாற்றிவிட்டேன். தொகுதியை வாங்கும்போது டேங்கைப் போலவே முன் டேங்கா, பின் டேங்கா, மாடல் ஆண்டு என்ன என்று மூன்றையும் சொல்லுங்கள். அளவு காட்டும் மிதவையும் அதிலேயே இருக்கிறது. 1987 முதல் இந்த வண்டிகளில் டேங்க் காலியாக இருக்கும்போது மிதவையின் மின்தடை 16 ஓம், நிறைந்திருக்கும்போது 158 ஓம். அதற்கு முந்தைய வண்டிகளிலோ காலிக்கு 73, நிறைவுக்கு சுமார் 10 என்று தலைகீழாக இருந்தது. பழைய மிதவையைப் பொருத்தினால் டேங்க் நிறைந்திருக்கும்போது முள் காலி என்று காட்டும். மல்டிமீட்டர் இருந்தால் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் கையால் மிதவையைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

ஆவி வால்வையும் அதிலிருந்து பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப் பெட்டிக்குப் போகும் குழாயையும் தேவையில்லை என்று கழற்றிவிடச் சொல்பவர்கள் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டுப் பாகங்களை முடக்குவது கூட்டரசுச் சட்டப்படி குற்றம். வண்டி நிற்கும் கொட்டகைக்குள் பெட்ரோல் ஆவி தேங்குவதும் அதனால்தான். பழைய வால்வு நன்றாக இருந்தால் புது ரப்பர் போட்டு மாற்றிப் பொருத்துங்கள், இல்லையென்றால் புதிது வாங்குங்கள்.

8. டேங்க் வந்தவுடன், பழையதைக் கழற்றும் முன், ஒப்பிடுங்கள்

பெட்டியைக் கிழிக்காமல் திறந்து, அஞ்சலில் நசுங்கியிருக்கிறதா என்று எல்லா மூலைகளிலும் பாருங்கள். நசுங்கியிருந்தால் அன்றே படம் எடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். தாமதித்தால் நீங்கள் நசுக்கியதாகவே கொள்வார்கள். பிறகு மூன்றாம் படியில் எழுதி வைத்த அளவுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். புதுப் பம்ப் தொகுதியை வாங்கியிருந்தால் அதைத் துளைக்குள் இறக்கி, ஓ-ரிங் பள்ளத்தில் சரியாக உட்காருகிறதா, வளையம் திரும்பிப் பூட்டுகிறதா என்று தரையிலேயே சோதியுங்கள். நான் முதல் டேங்கில் இதைச் செய்ததால்தான் அது தவறென்று தெரிந்தபோது வண்டி இன்னும் ஓடும் நிலையில் இருந்தது.

9. மாற்றும் நாள்

இது வாங்கும் வழிகாட்டி என்பதால் மாட்டும் முறையை விரிவாகச் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் விடக்கூடாதவை சில இருக்கின்றன.

குளிர்காலத்துக்கு முன், செப்டம்பரிலோ அக்டோபரிலோ ஒரு வறண்ட வார இறுதியில் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே தினமும் பட்டை ஆணிகளில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வாருங்கள். டேங்கை ஓட்டியே காலியாக்குங்கள். ஒரு கேலன் பெட்ரோல் சுமார் 2.8 கிலோ என்பதால் நிறைந்த 19 கேலன் டேங்கில் ஐம்பது கிலோவுக்கு மேல் பெட்ரோல் மட்டுமே இருக்கும். வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். வீட்டோடு ஒட்டிய கார் கொட்டகையில் வெந்நீர்க் கொதிகலனின் சிறு சுடர் எரிந்துகொண்டிருக்கும், பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து அதைத் தேடிப் போய்விடும். பெட்ரோல் தீக்குரிய தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

குழாயில் தேங்கிய அழுத்தத்தை முதலில் இறக்க வேண்டும். பயணி பக்கம் கால் வைக்கும் இடத்தில் உள்ள, மோதல் நேர்ந்தால் பம்பை நிறுத்தும் மோதல் சுவிட்சின் இணைப்பைக் கழற்றிவிட்டு என்ஜினை ஓட விட்டால், மிச்சப் பெட்ரோல் தீர்ந்து அதுவாக நின்றுவிடும். பிறகு பேட்டரியைக் கழற்றுங்கள். பெட்ரோல் குழாய்களின் விரைவு இணைப்புகளைத் திறக்க 5/16, 3/8 அங்குலக் கருவிகள் வேண்டும். திருப்புளியால் நெம்பினால் குழாயே கெடும்.

டேங்க் இறங்கியதும் பூட்டு வளையத்தைக் கழற்ற, இரும்பு உளியை எடுக்காதீர்கள். பித்தளைத் தண்டை வளையத்தின் காதில் வைத்து, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சிறு சுத்தியலால் தட்டினேன். முதல் பத்துத் தட்டுக்கு ஒன்றும் அசையவில்லை. பதினொன்றாவதில் ஒரு அரிசியளவு நகர்ந்தது. அதற்குப் பிறகு கையாலேயே திரும்பியது. பித்தளை தீப்பொறி தராது என்பதால் அந்தப் பொறுமைக்கு இடம் இருந்தது.

10. மாட்டிய பிறகு

முதலில் ஐந்து கேலன் மட்டும் ஊற்றுங்கள். சாவியைத் திருப்பி இரண்டு நொடி வைத்து அணைப்பதை நான்கைந்து முறை செய்து, பம்ப் குழாயை நிரப்பிய பின் என்ஜினை எழுப்புங்கள். அடியில் ஓர் உலர்ந்த அட்டையை விரித்து வைத்தால் சொட்டு விழுவது உடனே தெரியும். மறுநாள் முழுவதும் நிரப்பி, மேற்புற ஓ-ரிங்கையும் ஊற்றுக் குழாயின் கிளிப்புகளையும் பாருங்கள். நூறு மைல் ஓடியதும் பட்டை ஆணிகளை ஒருமுறை இறுக்குங்கள். என் வண்டியில் இரண்டுமே அரைச் சுற்று இறங்கின. டேங்க் மாற்றும் சுவிட்சையும் இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்து, முள் இரண்டு டேங்கையும் தனித்தனியே சரியாகக் காட்டுகிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

பழைய டேங்கில் மிஞ்சிய பெட்ரோலை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றக் கூடாது. உங்கள் கவுன்டியின் வீட்டு அபாயக் கழிவு சேகரிப்பு நாளைக் கேட்டு, சிவப்புப் பெட்ரோல் கேனில் கொண்டுபோய்க் கொடுங்கள். பல இடங்களில் முன்பதிவு வேண்டும், மாதத்துக்கு ஒரு நாளே நடத்தும் கவுன்டிகளும் உண்டு, ஆகவே டேங்கை வாங்கும்போதே தேதியைக் குறித்துவையுங்கள். இரும்புக் கடையில் டேங்கைக் கொடுக்கும் முன் அவர்களுடைய நிபந்தனையைக் கேளுங்கள். நான் கொடுத்த இடத்தில் முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும், மூடியும் பம்பும் இல்லாமல் எல்லாத் துளைகளும் திறந்திருக்க வேண்டும் என்றார்கள். அதற்காக ஒரு வாரம் அதை வேலி ஓரத்தில் காற்றாட வைத்திருந்தேன்.

புதிய டேங்கின் பாக எண், ரசீது, நீங்கள் எழுதிய அளவுகள் மூன்றையும் ஒரு உறையில் போட்டு வண்டியின் கையுறைப் பெட்டியில் வையுங்கள். பின் டேங்கும் அதே வயதுதான். அடுத்த முறை கடைக்குப் போகும்போது அந்த உறை கையில் இருக்கும்.